சட்டைப் பையில் கிடந்த ஃபியூஸ்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருப்பவர்கள் எல்லாரும் சட்டைப் பையில் இருப்பதை எடுத்து முதலில் மேசைமேல் வையுங்கள். ஸ்குரூ, ஃபியூஸ், டேப், பாதி பீடி, எதுவானாலும் சரி. வைத்தாயிற்றா? இனிப் பேசலாம். நான் நின்றுகொண்டுதான் பேசுவேன். உட்கார்ந்தால் கை கால் பரபரக்கும். கடையை மச்சினனிடம் விட்டு இரண்டு வருடம் ஆகியும் அது போகவில்லை.

எந்த லைட்டுக்கு எந்த ஒயர், எந்தப் பேட்டரிக்கு எந்தச் சார்ஜர் என்பதையெல்லாம் உங்கள் ஃபோனே சொல்லிக்கொடுத்துவிடும். அதைச் சொல்ல நான் தேவையில்லை. ஒரு மத்தியானம் இருபத்தைந்து நிமிடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வந்தேன். அதை எந்த ஃபோனிலும் பார்க்க முடியாது.

என் கடை திருப்பூர் வேலம்பாளையத்தில். முதலில் பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின்களுக்குக் கரண்ட் இழுத்தேன். மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டினேன். பிறகு ஊரில் சில பேருக்கு லீவு விட்டால் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலை ஏறும் கிறுக்குப் பிடித்தது. அந்தக் கிறுக்கில்தான் கடைசிப் பத்து வருடம் என் வீட்டு அடுப்பு எரிந்தது. ஜீப்பின் பின்பக்கத்தில் இரண்டாவது பேட்டரி ஒன்று வைத்து, அதிலிருந்து கூடாரத்துக்கு லைட், சின்ன ஃப்ரிட்ஜ், சோறு வேகும் குக்கர் வரைக்கும் கரண்ட் கொடுப்பது எங்கள் வேலை. மச்சினன் பழனிச்சாமி என் கூட்டாளி. கை சுத்தம், வாய் நீளம்.

கோகிலா என்ற அம்மா ஒரு நாள் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவி. அந்த வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். தைத்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்து, தப்பு இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்பு விழுந்தால் அந்தத் துணி திரும்பி வரும். இந்த அம்மா விரலை ஓட்டியே விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பார் என்று பேச்சு.

"என்ற ரெண்டு பொண்ணுகளையும் கூட்டீட்டு மலைக்குப் போறனுங்க. வண்டி கூரைமேல டென்ட்டு. அதுக்குள்ளதான் தூங்குவோம். ராத்திரி வெளிச்சம் இல்லீன்னா சின்னவ பயந்துக்குவா. அதுக்குத் தகுந்த மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார்.

நானும் ஆசையாகத்தான் செய்தேன். முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள், இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவரில் ஓட்டை போட்டு நுழைந்து, பின்பக்கத்துப் பேட்டரிக்குப் போக வேண்டும். ஓட்டையின் விளிம்பு கேபிளை அறுக்காமல் இருக்க அங்கே ரப்பர் வளையம் போட வேண்டும். அந்த அளவு வளையம் அன்று கடையில் இல்லை.

இல்லாவிட்டால் திருப்பூர்க்காரன் என்ன செய்வான்? இந்த ஊரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் மூலையில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கிடக்கும். கட்டிங்கில் விழுந்த துண்டுத் துணி. கை துடைப்பது அதில், ஆயில் ஒழுகினால் அடைப்பது அதில், மேசைக்கால் ஆடினால் முட்டுக் கொடுப்பதும் அதில். "ஆடுதா, பனியனத் திணி" என்பது எங்கள் கடையில் மந்திரம். ஓட்டை வழியாகப் போகும் கேபிளுக்கு பனியன் கழுத்தில் தைக்கும் நல்ல வெள்ளை ரிப் துணியாகப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றி, மேலே கறுப்பு டேப் போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இருபது வண்டிகளுக்காவது அப்படிச் செய்திருப்பேன்.

வண்டி கொடுக்க வேண்டிய நாள். முன் பேட்டரி பக்கத்தில் போட வேண்டிய பெரிய ஃபியூஸ் கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வர வேண்டும். எங்காவது கேபிள் தகரத்தில் உரசிவிட்டால் அந்த ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்து வண்டியைக் காப்பாற்றும். அது இல்லையென்றால் கேபிள் பழுக்கும், பழுத்த கேபிள் தொட்டதெல்லாம் எரியும். பார்சல் வரத் தாமதமானது. பின் பேட்டரிக்குக் கரண்ட் போய் லைட் எரிகிறதா என்று பார்த்துவிடலாமே என்று ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்புப் பட்டையை முறுக்கி நேராகக் கொடுத்தேன். எல்லா லைட்டும் எரிந்தது. பத்து நிமிடத்தில் பார்சலும் வந்தது. பிரித்து, ஃபியூஸைச் சட்டைப் பையில் போட்டேன். ஸ்பேனரை எடுக்கத் திரும்பினேன். அதே நேரத்தில் கோகிலா இரண்டு பெண்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

சின்னப் பெண்ணுக்கு எட்டு வயது இருக்கும். நேராக ஸ்விட்சுகளிடம் ஓடினாள். ஒவ்வொன்றாகப் போட்டாள். கூரை ஓரத்தில் மஞ்சள் வெளிச்சம், கதவடியில் வெள்ளை வெளிச்சம், கூடாரத்துக்குள் மங்கலான நீலம்.

"மாமா, இந்த நீலம் விடிய விடிய எரியுமா?" என்றாள்.

"நீ அணைக்கற வரைக்கும் எரியுங் கண்ணு" என்றேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒவ்வொரு லைட்டும் எங்கே, எதற்கு என்று கால் மணி நேரம் விளக்கினேன். பழனிச்சாமி பானட்டை மூடினான். அவர்கள் கையாட்டிவிட்டு நேரே மலைக்குக் கிளம்பிப் போனார்கள். மணி அப்போது பன்னிரண்டே முக்கால்.

சாப்பிட்டுவிட்டு, முகம் கழுவலாம் என்று குழாயடியில் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து ஏதோ தொட்டியில் டொக்கென்று விழுந்தது. தண்ணீருக்குள் கையை விட்டு எடுத்தேன். ஃபியூஸ். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

ஈரக் கையோடு நான் நின்றதைப் பார்த்தே பழனிச்சாமிக்குப் புரிந்துவிட்டது. "என்னுங் மச்சா, மாட்டலியா?" என்றான்.

"மறந்துட்டன் மாப்ள. பட்டை போட்டபடியே போயிருச்சு. கூப்புட்டுச் சொல்லீர்றன்."

"சும்மா இருங் மச்சா. ஃபியூஸ் இல்லாம ஊருக்குள்ள எத்தன வண்டி ஓடுது. ஞாயித்துக்கிழமை வந்துருவாங்க. திங்கக்கிழமை சர்வீசுன்னு வரச்சொல்லி மாட்டியுட்டாப் போச்சு. இப்பச் சொன்னீங்கன்னா என்ன ஆகும்? ஊசித்தொளை பட்டிருந்தா ஆயிரம் பீசத் திருப்பி அனுப்பறவங்க அவங்க. ஜீப் குரூப்புல ஒரு மெசேஜ் போட்டாப் போதும், நாம ஈ ஓட்டீட்டு உக்காந்திருக்கோணும். நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

அவன் மேல் பழி போட நான் இதைச் சொல்லவில்லை. அவன் சொன்னது எனக்கு இனித்தது. அதுதான் விஷயம். அவன் சொல்லாவிட்டால் நானே எனக்குச் சொல்லியிருப்பேன்.

பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? மேசையைத் துடைத்தேன். ஓட்டை போடும் ட்ரில் பிட்டுகளை எடுத்து அளவுவாரியாக அடுக்கினேன். சின்னதிலிருந்து பெரியது வரைக்கும். அடுக்கி முடித்துப் பார்த்தால் ஒன்று இடம் மாறியிருந்தது. எல்லாவற்றையும் கலைத்துத் திரும்ப அடுக்கினேன். நடுவில் இரண்டு முறை ஃபோனை எடுத்து அவர் பெயர் வரைக்கும் போனேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. "சும்மா ஒரு செக்கப்புங்க" என்று சொல்லலாமா, "கம்பெனி புது ஃபியூஸ் அனுப்பியிருக்குதுங்க" என்று சொல்லலாமா என்று வார்த்தை தேடினேன். ஃபோனைத் திரும்ப வைத்தேன்.

கையில் கிரீஸ் பட்டது. துடைக்கலாம் என்று மூலைக்குப் போய் மூட்டையில் கைவிட்டேன். வெள்ளை ரிப் துணி கையோடு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பனியன் துணி சுற்றின இருபது வண்டிகளிலும் ஃபியூஸ் இருந்தது. துணி அறுந்தால் ஃபியூஸ் போகும், வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், என்னைத் திட்டுவார்கள். அவ்வளவுதான். இந்த ஒரு வண்டியில் மட்டும் துணியும் உண்டு, ஃபியூஸும் இல்லை. இரண்டும் ஒரே கேபிளில். அந்த வண்டி தார் ரோட்டில் ஓடப் போகவில்லை, பாறைமேல் ஏறப் போகிறது. அதன் கூரைமேல் மூன்று பேர் தூங்கப் போகிறார்கள்.

கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப் என்றது. திரும்பக் கூப்பிட்டேன். அதேதான். மணி இரண்டு முப்பத்தைந்து.

"மாப்ள, நான் போறன். நீ அவங்க கம்பெனிக்குப் போயி வேற நம்பர் வாங்கு. எந்தத் தோட்டம்னு கேளு. ஒட்டன்சத்திரம் தாண்டி மலைமேல, பெரியப்பா பையன் தோட்டம்னு மட்டுந்தான் எங்கிட்டச் சொன்னாங்க" என்றேன். ஸ்பேனர், ஃபியூஸ், சைக்கிள் டியூப் ஒன்று, கத்தி, டேப். பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

அந்தப் பயணத்தை எப்படிச் சொல்வது? பல்லடத்தில் நூல் லாரிகளுக்குப் பின்னால் மாட்டி நின்றபோது பைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்றிருந்தது. குண்டடத்தில் டீக்கடைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவில் தூரத்தில் புகை தெரிந்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒருவர் சோளத்தட்டை எரித்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங், தண்ணி கிண்ணி வேணுமுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க. இந்தப் பக்கமா கூரைமேல டென்ட்டு வெச்ச ஜீப்பு போச்சுங்களா?"

"போச்சுங்க. பொம்பளைப்புள்ள ஓட்டீட்டுப் போச்சு. அது போயி வெகு நேரமாச்சுங்க."

போச்சு என்றால் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தாராபுரம் வரைக்கும் போனேன். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்திக் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பெண்குரல் அதே நிதானத்தில் ஸ்விட்ச் ஆஃப் என்றது. அந்தக் குரல்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் பழனிச்சாமி கூப்பிட்டான். கம்பெனி வாட்ச்மேன் முதலில் உள்ளேயே விடவில்லையாம். "உள்ள இருக்கறவங்க நம்பர் எதுக்குக் கேக்கற, யாரு நீ" என்று விரட்டியிருக்கிறார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறான். ஃபியூஸ் மாட்ட மறந்தது, பனியன் துணி சுற்றியது, சொல்லாமல் இருக்கலாம் என்று பேசியது வரைக்கும். ஷிஃப்ட்டுக்கு வந்தவர்கள் சுற்றி நின்று கேட்டிருக்கிறார்கள். நுணல் கதை சொன்னவனே நடுரோட்டில் வாயைத் திறந்துவிட்டான். அதைக் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடிவந்து தோட்டம் எங்கே என்று சொல்லியிருக்கிறாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மச்சா, சீக்கிரம் போங் மச்சா" என்றான்.

மலைரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் பிரியும் பாதையில் பைக் ஏறவில்லை. முழுக்கக் கல். ஒவ்வொரு கல்லையும் பார்க்கும்போது அந்தத் தகர ஓட்டைதான் கண்ணில் நின்றது. இந்தக் கல்லில் ஒரு குலுக்கு, அந்தக் கல்லில் ஒரு குலுக்கு. ஒரு வளைவில் பைக்கைச் சாய்த்துவிட்டுப் பையோடு நடந்தேன், ஓடினேன், மூச்சு வாங்க நின்றேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

எலுமிச்சை மரங்களுக்கு நடுவில் முதலில் தெரிந்தது மஞ்சள் வெளிச்சம். நான் போட்ட லைட். எரிகிறது என்றால் கேபிள் இன்னும் போகவில்லை. எரிகிறது என்றால் கேபிளில் கரண்ட் ஓடிக்கொண்டும் இருக்கிறது. என் கையால் போட்ட விளக்கைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

குக்கரில் சோறு வெந்துகொண்டிருந்தது. பெரியவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் மேலே கூடாரத்துக்குள் நீல வெளிச்சத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கோகிலா எழுந்துவிட்டார்.

"பாப்பாவ எறக்குங்க. மொதல்ல பாப்பாவ எறக்குங்க" என்றேன்.

அந்த அம்மா ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போனார். பெரியவளையும் கூப்பிட்டுக்கொண்டார். நான் பானட்டைத் தூக்கி முன் பேட்டரியின் கம்பியைக் கழற்றினேன், பின்பக்கம் ஓடி அந்தப் பேட்டரியின் கம்பியையும் கழற்றினேன். எல்லா லைட்டும் ஒரேயடியாக அணைந்தது. சின்னவள் அழத் தொடங்கினாள்.

பெரியவள் ஓடிவந்து டார்ச்சைக் கொடுத்துவிட்டுத் தங்கையிடம் போனாள். அடித்துப் பார்த்தேன். தகர ஓட்டையில் கறுப்பு டேப் கிழிந்து தொங்கியது. பனியன் துணி மூன்று சுற்றும் அறுந்துவிட்டது. கேபிளின் தோலும் சீவிவிட்டது. உள்ளே செம்பு பளபளத்தது. அதற்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிதான் மிச்சம். துணியின் ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது. எங்கோ ஒரு குலுக்கலில் ஒரு கணம் தொட்டு விலகியிருக்கிறது.

அந்த இடத்தில் எனக்கு இன்னொரு வழியும் இருந்தது, தெரியுமா? டார்ச் என் கையில் இருந்தது. அவர் பத்தடி தள்ளி நின்றார். "சின்ன லூஸ் கனெக்சனுங்க, சரி பண்ணிட்டன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றியதும் உண்மைதான். வரும் வழியில் அத்தனை பட்டும் அது தோன்றியது. "இங்க வாங்க, பாருங்க" என்று கூப்பிட்டேன்.

கோகிலா வந்து குனிந்தார். கம்பெனியில் துணியில் ஓட்டுவது போலவே அறுந்த இடத்தில் விரலை ஓட்டினார். கருகிய துணியை எடுத்து மோந்து பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். துணி, செம்புப் பட்டை, சட்டைப் பை.

"எப்பங்க உங்களுக்குத் தெரிஞ்சுது?" என்றார்.

"ரெண்டு பத்துக்குங்க."

"எனக்கு எப்பக் கூப்பிட்டீங்க?"

"ரெண்டு முப்பத்தஞ்சுக்குங்க. ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு."

"ரெண்டரை வரைக்கும் ஃபோனு என்ற கையிலதானுங்க இருந்துச்சு. குண்டடத்துல உக்காந்து போண்டா தின்னுட்டு இருந்தோம். கம்பெனியில இருந்து சும்மா கூப்புட்டுட்டே இருப்பாங்கன்னு, அங்க எந்திரிக்கறப்பத்தான் ஆஃப் பண்ணுனேன்" என்றார். பிறகு கேட்டார்: "அந்த இருபத்தஞ்சு நிமிசம் என்னங்க பண்ணுனீங்க?"

"ட்ரில் பிட்டு அடுக்கீட்டு இருந்தனுங்க" என்றேன்.

என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். அவர் திட்டவில்லை. சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு கல்மேல் உட்கார்ந்தார். நான் கேபிளின் அடிபட்ட பகுதியை வெட்டி எறிந்து, புதிதாக முடிச்சுக் கொடுத்து, சைக்கிள் டியூபை அறுத்து ஓட்டை விளிம்புக்கு வளையம் போட்டு, செம்புப் பட்டையைக் கழற்றி ஃபியூஸை மாட்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. கரண்ட் கொடுத்ததும் குக்கரில் பாதி வெந்த சோறு திரும்ப வேகத் தொடங்கியது. "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். தட்டை வாங்கிக்கொண்டேன். பாதியில் நின்று வெந்ததால் சோறு உள்ளே அரிசியாகவே இருந்தது. அன்று அழுகையை அடக்கிக்கொண்டு சாப்பிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில்.

திரும்பி வந்ததும் அந்தப் பனியன் மூட்டையைப் பழனிச்சாமியே தூக்கி வெளியே போட்டான். பழைய இருபது வண்டிக்காரர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வரச்சொல்லி, துணியை எடுத்துவிட்டு ரப்பர் மாட்டினோம். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் வேறு கடைக்குப் போய்விட்டார். ஈ ஓட்டும் அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு மாதம் கழித்து கோகிலா அதே ஜீப்போடு கடைக்கு வந்தார். அந்தக் கேபிளை முழுதாகப் புதிதாக மாற்றித் தரச் சொன்னார். நம்பவே முடியவில்லை. ஆனால் அந்த முறை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் முடித்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு ஓட்டையாக விரலை விட்டுப் பார்த்தார். கைப்பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் அட்டையை எடுத்தார். பின் பேட்டரி பக்கத்தில் ஒரு கட்டு இறுகாமல் இருந்தது. அங்கே ஒன்று ஒட்டினார். நான் இறுக்கினேன். பிறகு என் சட்டைப் பையில் ஒன்று ஒட்டினார். பழனிச்சாமி சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன்.

அவர் இன்னொரு ஸ்டிக்கரை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது அந்த இருபத்தஞ்சு நிமிசத்துக்குங்க. எங்க ஒட்டறதுன்னுதான் எனக்குத் தெரியல. நீங்களே ஒட்டிக்குங்க" என்று என் விரலில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

தப்பு யாருக்கும் வரும். உங்களுக்கும் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். தெரிந்ததும் முதலில் கூப்பிடுங்கள். என்ன சொல்வது என்று யோசிக்காதீர்கள். அவர்கள் "அலோ" சொல்வதற்குள் வார்த்தை வந்துவிடும். வெட்கப்பட அதற்குப் பிறகு எவ்வளவோ நேரம் இருக்கிறது.

அந்த ஸ்டிக்கரை என் ஃபோனின் பின்பக்கத்தில் ஒட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு ஃபோன் மாற்றியாகிவிட்டது. பசை போன அதை ஒவ்வொரு முறையும் டேப் போட்டு ஒட்டிக்கொள்கிறேன். இந்தாருங்கள், கையில் வாங்கிப் பாருங்கள்.